சட்டை சின்னதாகிப் போச்சு, கொடுக்கத்தான் மனசு வரலை

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவதெல்லாம் ஜாக்கெட் கழுத்து, கை அளவு, ஃபால்ஸ் சுருங்கிப் போனது மாதிரியான சந்தேகங்கள்தான். மார்கழி பிறந்ததும் தபாலின் போக்கே மாறிவிட்டது. போகிக்கு முன்னால் வீட்டை ஒழிக்கக் கிளம்பியவர்கள் எல்லாரும் பரணில் ஏறி, ஒரு பெட்டியைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மதுரையில் குழந்தைத் துணி தைத்தே காலம் தள்ளியவள் நான். மனசுக்கு மருந்து சொல்கிற படிப்பெல்லாம் கிடையாது. துணியையும் அதைக் கொண்டுவந்த தாய்மார்களையும் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, எனக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. சின்னவளுக்கு ஆறு வயசு. இருவரும் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட துணி இரண்டு சூட்கேஸ் நிறையக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது, இனி அது யாருக்கும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் கொடுத்துவிடலாம் என்று எடுப்பேன், மடித்து மறுபடி உள்ளேயே வைப்பேன். போன வாரம் ஒரு ஜப்லாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்கு என்னதான் ஆச்சு?"
வாசகி, கோவை

ஒன்றும் ஆகவில்லை. சிரிக்கிறவரிடம் அவருடைய முதல் பைக்கின் சாவி எங்கே என்று கேளுங்கள். வண்டியை விற்று வருஷமாகியிருக்கும், சாவி மேஜை டிராயரில் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கடம் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஒன்று, நல்ல துணி வீணாகிறதே என்பது. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கிற குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் ஆகிவிடும், எடை மூன்று மடங்காகும். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை அளவு மாற்ற வேண்டியிருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு உடுப்பும் சில வாரம்தான் உடம்பில் இருக்கும். கிழிந்தால் தூக்கிப் போட நம் கைக்குத் தெரியும். இதுவோ தையல் விடாமல், சாயம் போகாமல் புதுசு மாதிரியே இருக்கிறது. சிக்கனமாக வளர்ந்த கை அதை விடாது.

இன்னொன்று, இனி நம் வீட்டில் கைக்குழந்தை இல்லை என்பது. ஆபரேஷன் ஆகிவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் அழுதது ஜப்லாவுக்கா, அந்த வரிக்கா? அதற்காக அழுவதில் தப்பே இல்லை. ஆபரேஷன் வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்திருந்தாலும் அழுகை வரத்தான் செய்யும். ஆனால் அந்த அழுகை முடிந்த பிறகுதான் சூட்கேஸைத் தொட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அது பாட்டுக்கு அது வரட்டும், துணி பாட்டுக்குத் துணி போகட்டும்.

இரண்டு சூட்கேஸையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். தனியாகவும் உட்கார வேண்டாம். அம்மாவோ அக்காவோ கூட இருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கும். முதலில் எலாஸ்டிக் வைத்ததை எல்லாம் எடுத்து இழுத்துப் பாருங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது, அதை யாருக்கும் கொடுக்க முடியாது. பிரஸ் பட்டன் துருப்பிடித்திருந்தாலும் அப்படியே. ஜட்டி, லங்கோடு, சாக்ஸ், பிப் இவற்றைத் தானத்தில் சேர்க்காதீர்கள். பருத்தியாக இருந்தால் கண்ணாடி துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டரும் சமவெளியில் யாருக்கும் பெரிதாக உதவாது. உங்களுக்குத்தான் ஊட்டி பக்கமாயிற்றே, அங்கே தெரிந்தவர் இருந்தால் அவர் கைக்குப் போகட்டும்.

மிச்சமிருக்கிற நல்ல துணியை 'யாராவது ஏழைக்கு' என்று ஒதுக்கி வைத்தால் அது அடுத்த மார்கழியிலும் அங்கேயேதான் இருக்கும். முகம் தெரிந்த ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்தில் ஒரு மசக்கைக்காரி, மாடி வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்றவள், வேலைக்கு வரும் அம்மாவின் மருமகள், யாராவது இருப்பார்கள். பையை நீட்டுவதற்கு முன்னால் "இந்த மாதிரி இருக்கிறது, வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் உரிமை உண்டு. பழசைக் கொடுக்கிறோமே என்ற கூச்சம் மட்டும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு முதலில் பழந்துணி உடுத்துவதுதான் நம் வழக்கம். பாட்டியின் நூல் புடவையில்தான் தூளி கட்டுவோம். புதுத்துணியின் கஞ்சியும் மொடமொடப்பும் அந்தத் தோலுக்கு ஆகாது. பலமுறை துவைத்த ஜப்லாதான் சுகம்.

ஒரு எச்சரிக்கை. சூட்கேஸில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறீர்களா? நாப்தலின் வாடை ஏறிய துணியைப் பிறந்த குழந்தைக்கு அப்படியே உடுத்தவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் நன்றாகத் துவைத்து, சில நாள் வெயிலில் உலர்த்தி, வாடை துளியும் இல்லை என்று பார்த்த பிறகே கொடுங்கள். வாடை போகவே இல்லையா, கைக்குழந்தை வீட்டுக்கு அதைக் கொடுக்காதீர்கள். இனிமேல் வைப்பதற்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும்.

உங்களுக்கென்று வைத்துக்கொள்ள, பட்டுப்புடவை வாங்கும்போது தருவார்களே, அந்த அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கொள்கிற வரை வைக்கலாம், யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. எதை வைப்பது என்று திகைத்தால் கறை பட்டதை வைத்துக்கொண்டு புதுசாக இருப்பதைக் கொடுங்கள். புதுசாக இருப்பது பெரும்பாலும் யாரோ பெயர் வைக்கும் அன்று கொடுத்தது, ஒருமுறை போட்டு போட்டோ எடுத்ததோடு சரி. கழுத்தில் செரலாக் காய்ந்து மஞ்சளாகி, முதுகில் முடிச்சு நாடா நைந்து நூலாகத் தொங்குகிறதே, அதுதான் உங்கள் பிள்ளை வாழ்ந்த சட்டை. அதை எப்படியும் யாருக்கும் கொடுக்க முடியாது. இரண்டு பக்கமும் லாபம்.

"குழந்தை போட்ட துணியை வெளியே கொடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். அலமாரி பிதுங்குகிறது. என்ன சொல்லிப் புரியவைப்பது?"
வாசகி, தூத்துக்குடி

புரியவைக்கப் போகாதீர்கள், வம்பு. பெரியவன் சட்டை சின்னவனுக்கு, சின்னவன் சட்டை சித்தி மகனுக்கு என்று சுற்றவிட்ட தலைமுறை அவருடையது. கொடுப்பது அவருக்குப் பழக்கம்தான். முகம் தெரியாதவர் கைக்குப் போவதுதான் பயம். ஆகவே யாருக்கு என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கல்லுப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஒருமுறை அலசி, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எப்படியும் அலசித்தான் கொடுக்கப் போகிறீர்கள். திருஷ்டியும் போகும், தூசியும் போகும்.

"பிள்ளைகளின் பழைய துணி, என் சுடிதார், வீட்டுக்காரர் பேண்ட் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். எப்போதாவது வெள்ளம், புயல் என்றால் நிவாரணத்துக்கு அனுப்பலாம் அல்லவா?"
வாசகி, வேளச்சேரி

தாயே, வேண்டாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாலையோரமெல்லாம் பழந்துணிக் குவியல். லாரி லாரியாக வந்து இறங்கியதை எடுக்க ஆளில்லை. கடலில் போய் உழைத்துச் சம்பாதித்த சனம், வீடு போனாலும் மானம் போகவில்லை. கிழிந்த நைட்டியையும் ஜிப் போன பேண்ட்டையும் பொறுக்கிக்கொள்ள அவர்கள் என்ன குறைந்து போனார்கள்? 2015 சென்னை வெள்ளத்தில் நீங்களே வேளச்சேரியில் தண்ணீரில் நின்றிருந்தால் தெரியும். அப்போது வேண்டியிருந்தது புதிய உள்ளாடை, லுங்கி, நைட்டி, துண்டு, போர்வை, நாப்கின். வேறொருவர் அணிந்து அலுத்த சுடிதார் எதற்கு?

மூட்டையை இன்றே பிரியுங்கள். வெள்ளம் வரட்டும் என்று எதற்குக் காத்திருக்க வேண்டும்? பழந்துணியை வாங்கிப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்பும் அமைப்புகள் இருக்கின்றன. 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அதில் பெரியது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்த லாயக்கில்லாத பருத்தியையும் அவர்கள் வீணாக்குவதில்லை, மாதவிடாய்க்கான துணிப் பட்டைகளாகத் தைத்துவிடுகிறார்கள். அனுப்பும் முன் என்னென்ன வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு அனுப்பினாலும் தையல்காரியாக என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பாவாடையில் நாடா இருக்க வேண்டும். சட்டையில் எல்லாப் பட்டனும் இருக்க வேண்டும். சுடிதாருக்குப் பேண்ட் ஜோடியாக, ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். நாடா இல்லாத பாவாடையை வாங்கியவள் என்ன செய்வாள், கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பாளா?

பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை மட்டும் இதில் கலக்காதீர்கள். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு நான்கு செட் அரசாங்கமே தருகிறது. தனியார் பள்ளிச் சீருடை அந்தப் பள்ளியைத் தவிர வேறெங்கும் செல்லாது. அதே பள்ளியில் கீழ் வகுப்பில் படிக்கும் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், வாங்குகிற தாய் உங்களை வாழ்த்துவாள்.

கொடுக்கவும் ஆகாது, துடைக்கவும் ஆகாது என்று மிஞ்சும் பாலியெஸ்டரை போகித் தீயில் போடாதீர்கள். அது உருகி எரிந்து புகையைக் கக்குகிறது. 2018 போகியன்று சென்னையில் புகை சூழ்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பழந்துணி, டயர், பாய் எல்லாவற்றையும் எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள் என்று உங்கள் மாநகராட்சியே கேட்டுக்கொள்கிறது. அப்படிச் சேருகிற கந்தலை அரைத்து மறுபடி நூலாக்கிக் கம்பளி நெய்வதற்கென்றே ஹரியானாவில் பானிபட் என்று ஓர் ஊர் இருக்கிறது.

"என் அக்காவின் நாலு வயசு மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். அவன் பீரோ அப்படியே இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அக்கா அதைத் திறந்து பார்க்கிறாள். அவள் ஆபீஸ் போயிருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் மறந்துவிடுவாள் என்று அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள். நான் கூட இருந்து எடுக்க வேண்டுமாம். செய்யலாமா அக்கா?"
ஊர் வேண்டாம்

செய்யாதே தங்கச்சி. அப்பா அம்மா சொன்னாலும் செய்யாதே.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேரனைப் பறிகொடுத்தவர்கள், மகள் தினம் படுகிற பாட்டையும் பார்க்க முடியாமல் சொல்கிறார்கள். ஆனால் அவள் ஆபீஸிலிருந்து வந்து, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவைத் திறக்கும்போது உள்ளே வெறும் பலகை இருந்தால் என்ன ஆகும்? ஒருமுறை பறிபோனவளுக்கு மறுபடி பறிபோகும். இந்த முறை கூடப்பிறந்தவள் கையால். அதற்கு ஆளாகாதே.

துவைக்கவும் வேண்டாம். மடிப்புக்கூடக் கலைய வேண்டாம். பூச்சி அரிக்கும் என்று பயமாக இருந்தால் அவளிடமே கேட்டு, அவள் கையாலேயே வேப்பிலை போடச் சொல். இத்தனை வருஷத்தில் எடுத்துவிட வேண்டும் என்று யாரும் கெடு வைக்கவில்லை.

வேலைக்குப் போகிறாள் என்கிறாய், அது நல்லது. சாப்பாடு, தூக்கம் விட்டுப்போகிறது, யாரோடும் பேச்சில்லை, உயிரை வைத்துக்கொண்டு என்ன என்கிற மாதிரி ஒரு சொல் வாயில் வருகிறது என்றால் பீரோவை விட்டுவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போ. டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, 14416. காசில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். உங்கள் அப்பா அம்மாவும் பேசலாம்.

என் கடைக்கு ஒரு அம்மா இறந்துபோன மகனின் சட்டைகளை எடுத்துவந்து தலையணை உறை தைத்துத் தரச் சொன்னார். பட்டன் பட்டையை அப்படியே நடுவில் வருகிற மாதிரி வைத்து, பையையும் பிரிக்காமல் தைத்துக் கொடுத்தேன். உறையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அவராகக் கேட்டு வந்ததால்தான் அந்தத் துணியில் கத்தரி வைத்தேன். உன் அக்கா என்றைக்காவது தானாக ஒரு சட்டையை எடுத்து நீட்டினால் அன்றைக்குப் பக்கத்தில் இரு.

"என் மகள் கனடாவில் இருக்கிறாள், அவளுக்கே மூன்று வயசில் மகள். என் மனைவியோ மகளின் சின்ன வயசுப் பட்டுப்பாவாடை சட்டைகளை ஒன்று விடாமல் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறாள். என் வேஷ்டிக்கு இடமில்லை. அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?"
வாசகர், தாம்பரம்

சார், நான் அம்மா பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டுப்பாவாடை தைக்கும்போது நாங்கள் கீழே இரண்டு மூன்று டக், அதாவது மடிப்பு, பிடித்துத் தைப்போம், இடுப்பிலும் உள்தையல் விடுவோம். பெண் வளர வளர வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரிப்பது. பிரித்த இடத்தில் தையல் போன கோடு அப்படியே நிற்கும். மடிப்புக்குள் வெளிச்சம் படாமல் இருந்த பட்டை மட்டும் புது நிறத்தில் பளிச்சென்று இருக்கும், மேலும் கீழும் கொஞ்சம் வெளிறியிருக்கும். பாவாடையை வெயிலில் விரித்துப் பாருங்கள். இந்தக் கோடு வரை ஒரு தீபாவளி, அடுத்த கோடு வரை அடுத்த தீபாவளி. உங்கள் மகள் எந்த வருஷம் கிடுகிடுவென்று வளர்ந்தாள் என்பது அதிலேயே தெரியும். அப்படி ஒன்று இருந்தால் அதை யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான்.

மற்றவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை வீடியோ காலில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பேத்திக்கு ஆவதை அவள் சொல்லட்டும். உள்தையலைப் பிரித்தால் அளவு கூட்டலாம், பிடித்தால் குறைக்கலாம், எந்தத் தையல்காரரும் செய்து தருவார். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் பாதி சுமை குறையும். பட்டு மக்கி மடிப்பு வாட்டில் விட்டுப்போயிருந்தால் பேத்திக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், முதல் தும்மலில் கிழியும். அதில் கரையை மட்டும் வெட்டி எடுத்தால் தாம்பூலப் பை, கொலுப்படி விரிப்பு, திண்டு உறை என்று எதற்கும் ஆகும்.

பழைய பட்டுக்குக் காசு தருகிறேன் என்று வாசலில் வருகிறவரிடம் கொடுப்பதற்கு முன் ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் வெள்ளி ஜரிகை, விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளையாகவோ வேறு நிறமாகவோ தெரிந்தால் சாதா ஜரிகை, அதற்குப் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். வைத்துக்கொள்வதை பாலிதீன் கவரில் வைத்தால் ஈரம் தங்கி ஜரிகை கறுத்துவிடும். பழைய பருத்தித் துணியில்தான் சுற்ற வேண்டும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். சுற்றுவதற்கு உங்கள் வேஷ்டி ஒன்றைத் தாருங்களேன் சார், பீரோவில் இடப் பிரச்சினையும் தீர்ந்த மாதிரி இருக்கும்.

"எனக்குப் பத்து வயசு. என் கரடி பொம்மையை அம்மா என்னிடம் கேட்காமல் வாட்ச்மேன் அங்கிள் பாப்பாவுக்குக் கொடுத்துட்டாங்க. நீதான் பெரியவனாகிட்டியேன்னு சொல்றாங்க. இது நியாயமா ஆன்ட்டி?"
மாணவன், சேலம்

நியாயமே இல்லை தம்பி. உன் பொருளை உன்னிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதை அம்மாவிடம் காட்டு. ஆனால் அந்தப் பாப்பாவிடம் போய்த் திருப்பிக் கேட்காதே, அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கரடிக்கு ஒரு பேர் வைத்திருப்பாயே, அந்தப் பேரைப் பாப்பாவிடம் சொல்லிவிட்டு வா. அவள் வேறு பேர் வைத்துக் கூப்பிட்டால் அதற்குத் தெரியாது அல்லவா!

அம்மாவுக்கு: பிள்ளைகளின் பொருளை அவர்கள் பள்ளிக்குப் போயிருக்கும்போது ஒழிப்பது சுலபம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் எதையும் விடாமல் கட்டிலுக்கு அடியில் பதுக்க ஆரம்பிப்பார்கள். இரண்டைக் கையில் கொடுத்து எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், நீங்கள் நினைத்ததைவிடத் தாராளமாகக் கொடுக்கிறவர்கள் பிள்ளைகள்தான்.

"சொந்த வீட்டை விட்டு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போகிறோம். என் சீர்ப் பாத்திரம், மாமியார் சீர்ப் பாத்திரம், பித்தளை அண்டா, தவலை, அரசாங்கம் கொடுத்த டிவி, மிக்ஸி எல்லாம் இருக்கிறது. கையில் எடுத்துப் பார், சந்தோஷம் தந்தால் வை, இல்லாவிட்டால் தள்ளு என்கிறாள் பெங்களூரில் இருக்கும் மகள். எனக்கு எல்லாமே அழுகைதான் தருகிறது."
வாசகி, திருச்சி

இட்லிக் கொப்பரையைக் கையில் எடுத்தால் யாருக்கு அம்மா சந்தோஷம் வரும்? இட்லி வெந்தால்தான் வரும். அந்த முறையைச் சொல்லிக்கொடுத்த ஜப்பான்காரப் பெண் மேரி கோண்டோவே, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டேன் என்று 2023-ல் சொல்லிவிட்டார். மகளிடம் சொல்லுங்கள்.

சுலபமானதை முதலில் தள்ளுவோம். 2006-க்குப் பிறகு கொடுத்த அந்தக் குண்டு டிவியை இனி வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் போட்டு உடைக்கக் கூடாது, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். 2011-ல் தொடங்கிக் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ஓடுகிறது என்றால் புதுக்குடித்தனம் வைக்கிற யாருக்காவது உடனே கொடுங்கள். 'இருக்கட்டும், ரிப்பேர் ஆனால் உதவும்' என்று பரணில் வைத்த மிக்ஸி எந்த வீட்டிலும் உதவிக்குக் கீழே இறங்கி வந்ததில்லை.

பாத்திரம்தான் கஷ்டம். எவர்சில்வர் அடுக்கில் பேர் வெட்டியிருக்கும். அம்மா பேர், அப்பா பேர், கல்யாணத் தேதி, சிலதில் 'அன்பளிப்பு' என்று கொடுத்தவர் பேர். பேர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போடும்போது ஆளையே விற்கிற மாதிரி இருக்கும். அதனால் எடைக்குப் போட வேண்டாம், பேருக்கு உரியவர் பக்கம் அனுப்புங்கள். மாமியார் சீரில் வந்ததை நாத்தனாரைக் கூப்பிட்டு முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுக்கிறாரோ இல்லையோ, கேட்டீர்கள் என்ற பேர் இருக்கும், பின்னால் மனஸ்தாபம் வராது. உங்கள் அம்மா பேர் போட்டதில் தினம் புழங்குகிற அளவில் ஒரு கிண்ணமோ டம்ளரோ எடுத்து, புது வீட்டு அடுப்படியில் புழக்கத்திலேயே வையுங்கள். ஷோகேஸில் ஏற்ற வேண்டாம்.

அண்டாவையும் தவலையையும் ஃபிளாட்டுக்குத் தூக்கிப்போகாதீர்கள். லிஃப்ட்டிலேயே சண்டை வரும். உங்கள் குலதெய்வக் கோயிலிலோ தெருப் பிள்ளையார் கோயிலிலோ பொங்கலுக்கும் அன்னதானத்துக்கும் அண்டா தேவையாகவே இருக்கும். உள்ளே ஈயப்பூச்சு (வெள்ளீயம்தான், டிவியில் இருக்கிற காரீயம் இல்லை) போயிருந்தால் பூசிக் கொடுங்கள். புளி சேர்ந்த எதையும் ஈயம் பூசாத பித்தளையில் சமைக்கக் கூடாது. பேர் அதில் இருக்கட்டும், அழிக்க வேண்டாம். ஆடி மாசம் கூழ் ஊற்றும் அன்றைக்குப் போய் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு வரலாம்.

"குழந்தைகள் நடைவண்டி, அதாவது சக்கரம் வைத்த வாக்கர், நல்ல நிலையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?"
வாசகி, நாகர்கோவில்

அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். குழந்தை அதில் உட்கார்ந்தபடி படிக்கட்டிலும் அடுப்பங்கரையிலும் போய் விழுகிற ஆபத்துக்காகவே கனடாவில் 2004-ல் அதை விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பிரித்துப் பழைய பிளாஸ்டிக்கில் போடுங்கள். நிற்கப் பழகிய குழந்தை தானே பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டி இருந்தால் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். பால் பாட்டிலும் நிப்பிளும் எவ்வளவு வெந்நீரில் போட்டாலும் அடுத்த குழந்தைக்கு ஆகாது.

"எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். எதைத் தள்ளக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."
வாசகர், விருதுநகர்

தடுப்பூசி அட்டை. மூலை மடங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு, டாக்டர் கையெழுத்தில் ஒன்றும் புரியாமல் இருக்கும், பழைய காகிதம் என்று நினைத்துப் போட்டுவிடுவீர்கள். பிள்ளை காலேஜுக்கு வெளிநாடு போகும்போது எந்தத் தேதியில் எந்த ஊசி என்று கேட்பார்கள். அதையும் பிறப்புச் சான்றிதழையும் போட்டோ எடுத்து செல்போனில் ஏற்றிவிட்டு, அசலை ரேஷன் கார்டு இருக்கிற ஃபைலிலேயே வையுங்கள். ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.